பன்னிரண்டு பொத்தான்களும் ஒரு பம்பைக்காரரும்

'காதலன்' படம் வெளிவந்தது 1994இல். அடுத்த பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா ஏறிய மேடைகளில் எல்லாம் 'முக்காபுலா' கேட்டுச் சீட்டு வந்துகொண்டே இருந்தது. ராசிபுரம், மல்லசமுத்திரம், மோகனூர், பரமத்தி வேலூர், எந்த ஊராக இருந்தாலும் அதே பாட்டுத்தான். பாடுவதற்குப் பையன் தயார். கீபோர்டில் அந்த ட்யூனை நான் எடுத்துவிட்டேன். ஆனால் பாட்டு தொடங்கிய சில நொடிகளிலேயே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இளவட்டங்களின் முகம் மாறிவிடும். டீக்கடையிலும் பஸ்ஸிலும் கேசட்டில் கேட்டு அவர்கள் காதில் பதிந்திருந்த அடி வேறு, எங்கள் மேடையிலிருந்து வந்த அடி வேறு.

எங்கள் டிரம்ஸ் வாசிப்பவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சேந்தமங்கலம் பக்கத்து ஊர்க்காரர், பம்பைக்காரர் குடும்பம். பகலில் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் வேலை, ராத்திரியில் கச்சேரி. எம்.எஸ்.வி. பாட்டுக்கும் இளையராஜா பாட்டுக்கும் அவர் வாசித்தால் மேடையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டே கேட்கலாம். ஆனால் கேசட்டில் இருந்தது மனிதக் கை தட்டிய தோல் இல்லை. ஒரே அளவில், ஒரே எடையில், வினாடி பிசகாமல் விழும் மின்னணு அடி அது. அதைத் தோல் வாத்தியத்தில் எடுக்கச் சொல்வது நியாயமே இல்லை.

இந்தச் சத்தம் தமிழ் சினிமாவுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1986இல் 'புன்னகை மன்னன்' தீம் இசைக்கு இளையராஜா சீக்வென்சரைக் கொண்டுவந்தபோதே கீபோர்டு வாசிக்கிற எங்களுக்கு ஏதோ மாறுகிறது என்று தெரிந்தது. 1992இல் 'ரோஜா', மறு ஆண்டு 'ஜென்டில்மேன்', அதற்கடுத்து 'காதலன்'. சென்னை ஸ்டூடியோவில் நடந்த அந்த மாற்றம் மூன்றே ஆண்டுகளில் காவிரிக் கரை மாரியம்மன் கோயில் மேடை வரை வந்து நின்றது. எங்கள் பக்கம் சில குழுக்கள் அதற்கு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தன. அந்த மின்னணு அடியைப் போடும் ரிதம் பாக்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு டிரம்ஸ்காரரை நிறுத்திவிட்டார்கள். வேனில் ஒரு இடம் மிச்சம், பங்கில் ஒரு ஆள் குறைவு. இருபது வருடம் வாசித்தவர்கள் வீட்டில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் ரிதம் பாக்ஸ் பேச்சை எங்கள் ரிகர்சலில் எடுக்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. பேச்சை எடுத்தவர் எங்கள் டிரம்ஸ் அண்ணனேதான்.

"மெசின் வாங்கறதுன்னா வாங்கு கண்ணு. அந்தச் சத்தம் அதுலதான் வரும், எனக்கும் தெரியும். ஆனா நானும் கூட வர்றேன். தாளத்தை நான் கேக்காம வேற யாரு கேக்கறது?"

புது மெஷின் என்ற பேச்சுக்கே இடமில்லை. திருச்செங்கோட்டில் ஒரு ரிக் லாரி அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இறக்குமதிச் சாமான் விலை என் சம்பளத்துக்கும் திருவிழாப் பங்குக்கும் எட்டாது. பழசு வாங்க மூன்று வழி இருந்தது. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்தவர் கொண்டுவந்தது, பர்மா பஜார் வழியாகச் சுற்றி வந்தது, கலைந்துபோன குழு விற்பது. இந்த மூன்றில் எது கிடைத்தாலும் கையில் உத்தரவாதச் சீட்டு இருக்காது, பல நேரம் கையேடும் இருக்காது. போய்ப் பார்த்து, தட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தேடப் போவதற்கு முன் ஒரு சாயங்காலம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து, எங்களிடம் என்ன இருக்கிறது என்று முதலில் பேசிக்கொண்டோம். பழைய சாமான் வாங்குகிற விஷயத்தில் இன்றுவரை நான் நம்புவது இந்த வரிசையைத்தான். கையில் இருப்பதைப் பார்க்காமல் கடைக்குப் போனால் பெயர் பெரிய மெஷின்தான் கண்ணில் படும். எங்களிடம் ஒரு யமஹா கீபோர்டு, ஒரு கேசியோ சிஇசட்-101. அந்தக் கேசியோ சின்னக் கட்டைகள் கொண்டது, பேட்டரியிலும் ஓடும், மற்ற மின்னணுக் கருவிகளோடு இணைக்கும் மிடி வசதி உண்டு, பேஸ் சத்தம் கெட்டியாக இருக்கும். யமஹாவில் ரிதம் இருந்தது, ஆனால் தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த வால்ட்ஸும் ராக்கும் சாம்பாவும்தான். அதை வைத்து ஒரு குத்துப் பாட்டுக்கு நாலு வரி தாக்குப்பிடிக்க முடியாது. தோல் வாத்தியத்துக்குத் தபலா, டோலக், அண்ணனின் டிரம்ஸ். தேவைப்பட்டால் பம்பையையும் எடுத்துவந்துவிடுவார்.

ஆக, காங்கோ, பாங்கோ, டாம் எல்லாம் எங்களுக்கு மெஷினிலிருந்து வேண்டியதே இல்லை. கை தட்டுகிற 'கிளாப்', இறுகிய கிக், சீரான ஹை-ஹாட், இந்த மூன்றுதான் இல்லை. அதோடு, மெஷினின் வேகத்தை யமஹா பின்தொடர வேண்டும். மிடியில் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு என்று கடிகாரம் போகும். அந்தத் துடிப்பை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் வசதி எங்கள் யமஹாவில் இருந்தது. அதன் ரிதம் சத்தத்தை மட்டும் அடக்கிவிட்டு, பேஸையும் கார்டையும் ரிதம் பாக்ஸின் வேகத்தில் ஓடவிட்டால் என் இடது கைக்கு வேலை குறையும். அண்ணன் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: "நான் மெதுவா அடிச்சா மெதுவா கேக்கோணும், ஓங்கி அடிச்சா ஓங்கிக் கேக்கோணும். அது இல்லாட்டி எனக்கு வேண்டாம்."

முதலில் பார்த்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். கலைந்துபோன ஒரு குழுவின் ரோலண்ட் டிஆர்-505. கீழே வெள்ளிக் கொலுசுப் பட்டறை, மாடியில் அவர்கள் சாமான்கள். கீழே கம்பி தட்டும் சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. 1986இல் வந்த மாடல் அது. பதினாறு சத்தம். டிரம்ஸோடு காங்கோ, டிம்பேல், கௌபெல் எல்லாம் உள்ளே உண்டு. பேட்டரியிலும் ஓடும். எங்கள் ஊர்களில் அது பெரிய வரம். திருவிழா நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும் அந்த இரண்டு நொடியில், அடாப்டரில் மட்டும் ஓடுகிற மெஷின் நின்றுவிடும். பேட்டரி உள்ளது நிற்காது.

அண்ணன் அதைத் தரையில் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பொத்தானாக விரல் நுனியில் தொட்டார், பிறகு அழுத்தினார், பிறகு ஓங்கினார். எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம். அந்த மாடலின் பொத்தான்கள் அழுத்தத்தை அறியாதவை. அடி விழுந்ததா இல்லையா என்பது மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும். ஓரிரண்டு பொத்தான் ஓங்கி அழுத்தினால்தான் பேசியது. பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தது. பச்சையைச் சுரண்டிவிடலாம், பொத்தானுக்குக் கீழே உள்ள ரப்பர் தொடுமுனையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாம், அதெல்லாம் சேலத்திலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை. விலையும் கைக்கு எட்டுகிற மாதிரிதான் இருந்தது. அண்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "நல்ல சாமான்தானுங். எங்களுக்கு ஒத்து வராதுங்," என்று விற்பவரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

பழைய ரிதம் பாக்ஸ் என்றாலே இன்றைய பிள்ளைகள் டிஆர்-808ஐத்தான் சொல்கிறார்கள். அதன் கதை எனக்குப் பிடித்தமானது. ரோலண்ட் நிறுவனத்தை 1972இல் ஒசாகாவில் தொடங்கியவர் இகுதாரோ காகேஹாஷி. 808ஐ அவர்கள் 1980இல் கொண்டுவந்து 1983இல் நிறுத்தினார்கள். மொத்தம் 12,000 அளவில்தான் செய்யப்பட்டது. அதன் சத்தத்துக்கு, தரச் சோதனையில் தேறாத ஒருவகை டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டன. தொழில்நுட்பம் மேம்பட்டதும் அந்தப் பழுதான டிரான்சிஸ்டர்கள் கிடைக்காமல் போய், மெஷினும் நின்றது. நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லை என்று வாங்கியவர்கள் குறைப்பட்டுத் தள்ளிவிட, பழைய சாமான் கடைகளில் மலிந்து கிடந்தது. அமெரிக்க நகரங்களில் காசில்லாத இளைஞர்கள் அங்கேதான் அதை எடுத்தார்கள். ஹிப்-ஹாப்பும் டெக்னோவும் இப்படிக் கைமாறிய மெஷின்களின் மேல் வளர்ந்தவை. நம் நாட்டிலும் சரண்ஜித் சிங் என்ற பம்பாய்க் கலைஞர் 1982இலேயே 808ஐ வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு போட்டார். அப்போது யாரும் சீண்டவில்லை. 2010இல் மறுபடி வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பழைய சாமானை மட்டமாக நினைக்கிறவர்களுக்கு இந்த இரண்டு கதையையும் நான் சொல்வதுண்டு.

எங்களுக்கு வாய்த்தது அலெசிஸ் எஸ்ஆர்-16. கோடம்பாக்கம் பக்கம் ஒரு சிறிய ஸ்டூடியோவில் விற்கிறார்கள் என்று தபலாக்காரர் மூலம் சேதி வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் விட்டுப்போனதாம். ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில் சென்னையில் இறங்கினோம்.

பார்க்க அதில் ஒரு கவர்ச்சியும் இல்லை. கறுப்புப் பெட்டி, சின்னத் திரை, பன்னிரண்டு ரப்பர் பொத்தான்கள். அண்ணன் ஸ்நேர் பொத்தானை விரல் நுனியில் தொட்டார். ஓரத்தில் தட்டியது போல மெல்லிய சத்தம். கொஞ்சம் ஓங்கினார். சத்தம் பெரிதானது மட்டுமில்லை, அதன் குணமே மாறி, நடுத்தோலில் குச்சி விழுந்த சத்தம் வந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடியின் பலத்துக்கேற்ப ஓசையின் தன்மையே மாறுகிற ஏற்பாடு அந்த மாடலின் சிறப்பு. கையேட்டில் அதற்குப் பெரிய பெயர் போட்டிருந்தது. அண்ணனுக்குப் பெயர் தேவைப்படவில்லை. அதன் பிறகு வெகுநேரம் அவர் வேறு பொத்தானுக்கே போகவில்லை. ஒரே ஸ்நேரை விரல் நுனி, விரல் நடு, கட்டைவிரல் என்று மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தார். பம்பையில் பழகிய விரல்கள் அவை. ஸ்டூடியோக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்று கேட்டார்.

நான் என் சோதனைகளைத் தொடங்கினேன். வால்யூமை ஏற்றி இறக்கி, கரகரப்பு வருகிறதா என்று பார்த்தேன். பொத்தான் ஒவ்வொன்றையும் மெதுவாக அழுத்தி, ஓர் அடிக்கு இரண்டு அடியாக விழுகிறதா என்று கேட்டேன். பின்னால் இருந்த நான்கு ஒலித் துளைகளிலும் ஒயரைச் செருகி அசைத்துப் பார்த்தேன். நான்கு துளை இருப்பது எங்களுக்கு ரொம்ப வசதி. கிக்கை மட்டும் தனி ஒயரில் மிக்சருக்குக் கொடுத்துவிட்டால் சவுண்டு சர்வீஸ்காரர் அதைத் தனியாக ஏற்றலாம், இறக்கலாம். பிறகு ஒரு சின்னத் தாளத்தைப் பதிந்துவிட்டு மெஷினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி வைத்துவிட்டு, இருவரும் கீழே போய் இட்லி சாப்பிட்டு வந்தோம். திரும்பி வந்து போட்டபோது தாளம் பத்திரமாக இருந்தது. உள்ளே நினைவைக் காக்கும் லித்தியம் பேட்டரிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பழைய ரிதம் பாக்ஸை யாரும் வாங்கக் கூடாது.

கடைசியாக ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அங்கே மூலையில் கிடந்த சின்ன ரேடியோ ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். ஹெட்போனில் எந்தக் கிக்கும் கம்பீரமாகத்தான் கேட்கும். எங்கள் ஊர்த் திருவிழாவில் மேடைக்குப் பக்கத்தில் பாக்ஸ் ஸ்பீக்கர் இருந்தாலும், தெருக்கோடி வரை கம்பத்தில் கட்டியிருப்பது கூம்பு ஒலிபெருக்கி. அடிச்சத்தம் அதில் வராது. அடியின் முனையில் இருக்கும் 'டிக்' மட்டும்தான் வரும். அந்த டிக் கூர்மையாக உள்ள கிக் எது என்று தேடினோம். 233 சத்தங்களில் நாலைந்து கிக் தேறின. எங்களுக்கு அது போதும். பேரம் பேசிப் பணத்தைக் கொடுத்தோம்.

ஒரு தொல்லை பாக்கி இருந்தது. அதன் அடாப்டர் அமெரிக்காவுடையது, 120 வோல்ட். நம் 230இல் சொருகினால் அன்றே முடிந்தது. கடையில் விற்கும் 9 வோல்ட் அடாப்டர் எதுவும் உதவாது. அவையெல்லாம் டிசி. இந்த மெஷின் கேட்பது 9 வோல்ட் ஏசி. மேலோட்டமாகப் பார்த்தால் சிக்கல்தான். எங்கள் பக்கத்தில் அது சிக்கலே இல்லை. ஸ்டெபிலைசர் காயில் கட்டுகிறவர்கள் சேலத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. விசைத்தறிக்கும் மோட்டாருக்கும் காயில் கட்டிக் கட்டிக் கை பழகியவர்கள். ஏசி வேண்டும் என்றால் டையோடு, கெப்பாசிட்டர் எதுவும் தேவையில்லை, வெறும் டிரான்ஸ்பார்மர் போதும். பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே ஒருவர் நான் சொன்னதைக் கேட்டு, "230 உள்ள, ஒம்போது வெளிய, ஒரு ஆம்ப்ஸ். அவ்ளோதானுங்களா?" என்றார். மறுநாள் தகரப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார். லேசாக உறுமும், தொட்டால் சுடும், ஆனால் ஒருநாளும் காலை வாரியதில்லை. ஜெனரேட்டர் மாறும் இரண்டு நொடிக்கு நாமக்கல் லாரி எலெக்ட்ரீஷியன் ஒருவர் பழைய லாரி பேட்டரியோடு ஒரு சின்ன இன்வெர்ட்டரைச் சேர்த்துக் கொடுத்தார். சேலமும் நாமக்கல்லும் இசைக் கருவி செய்கிற ஊர்கள் அல்ல. ஆனாலும் ஒரு கருவியை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்த கைகள் இங்கே நிறைய.

'முக்காபுலா' ஒரே சாயங்காலத்தில் ஏறிவிட்டது. நேரான நாலு அடி, கிளாப், ஹை-ஹாட். மெஷினுக்கென்றே பிறந்த பாட்டு அது. குத்துப் பாட்டுத்தான் எங்களை வாரக்கணக்கில் உட்கார வைத்தது. நம் குத்து ஆறெட்டில் போவதாகப் புத்தகத்தில் எழுதலாம். கையில் வாசிக்கும்போது அடி மூன்றின் கணக்கிலும் நிற்பதில்லை, நாலின் கணக்கிலும் நிற்பதில்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்வில் நிற்கும். மெஷினில் பதியும்போது நாம் அடித்ததைக் கிட்டத்தில் உள்ள கட்டத்துக்கு அதுவே இழுத்துப் போட்டுவிடும். அடி சுத்தமாகும், குத்து செத்துவிடும். அந்த இழுப்பை அணைத்து வைக்கவும் எஸ்ஆர்-16இல் வழி இருந்தது. ஹை-ஹாட்டை மட்டும் கட்டத்துக்குள் பதிந்தோம். பிறகு இழுப்பை அணைத்துவிட்டு, கிக்கையும் ஸ்நேரையும் அண்ணன் தன் விரலால் அடித்தார். திருப்பிப் போட்டபோது மெஷினிலிருந்து வந்தது அவருடைய கை. தபலாக்காரர் எழுந்து நின்று சிரித்தார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதை இன்னொருமுறை போடச் சொன்னார்.

சத்தத்தின் கட்டையை ஏற்றி இறக்கும் வசதியும் இருந்ததால், டாமை இறக்கிப் பம்பை மாதிரி கொண்டுவரலாமா என்று நான் முயன்றேன். அண்ணன் தடுத்துவிட்டார். "அது வேண்டாங் கண்ணு. பம்பை ஒன்னு மரம், ஒன்னு வெங்கலம், ரெண்டும் சேந்து பேசுறது. அது என் இடுப்புலயே இருக்கட்டும்." அந்த முடிவுதான் எங்கள் குழுவின் ஒலியை மற்ற குழுக்களிலிருந்து பிரித்துக் காட்டியது. மெஷின் அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓட, அண்ணன் அதன் மேல் பம்பை கட்டிக்கொண்டு மேடை முன்னுக்கு வருவார். பரமத்தி வேலூர் பக்கம் ஒரு சித்திரைத் திருவிழாவில் அப்படி வந்தபோது கூட்டத்திலிருந்த பெரியவர்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு எழுந்தார்கள். முக்காபுலா கேட்டுச் சீட்டு கொடுத்த பையன்களும் அவர்களோடு ஆடினார்கள். அதுவரை இந்த இரண்டு கூட்டமும் ஒரே பாட்டுக்கு ஆடி நான் பார்த்ததில்லை.

பிறகு ஒரு பழைய ஆக்டோபேடும் சேர்ந்தது. 1985இல் வந்த அந்த முதல் மாடலுக்குச் சொந்தச் சத்தமே கிடையாது. எட்டுப் பரப்பில் எதை அடித்தாலும் மிடி வழியாகச் சேதி மட்டும் போகும். வேறொரு பெட்டி சத்தம் போட வேண்டும். அந்தப் பெட்டியாக எங்கள் எஸ்ஆர்-16 உட்கார்ந்தது. அண்ணன் குச்சியால் பேடில் மெதுவாக அடித்தால் மெதுவாகவும் ஓங்கினால் ஓங்கியும் அந்தப் பன்னிரண்டு பொத்தான் பெட்டி பேசியது. செவ்வாய்ப்பேட்டை மாடியில் அவர் எதை மறுத்தாரோ, எதைத் தேடினாரோ, அது எங்களுக்கு முழுதாகப் புரிந்தது இந்த இணைப்புக்குப் பிறகுதான். எங்கள் வேனில் ஒரு இடமும் காலியாகவில்லை.

இன்று எங்கள் பக்கத்து மேடைகளில் ரோலண்ட் எஸ்பிடி-20 இல்லாத குழுவே இல்லை. பேடும் சத்தமும் ஒரே உடம்பில். 1990களின் கடைசியில் வந்த அந்த மாடலை நம் நாட்டுக் கலைஞர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதால், பல ஆண்டு கழித்து அதே பெயரில் எஸ்பிடி-20 ப்ரோ என்று புதிதாகவே செய்து இறக்கினார்கள். சொந்தமாக மின்னணு இசை செய்கிற இளைஞர்களும் இப்போது சேலத்தில் இருக்கிறார்கள். லேப்டாப், சின்ன சிந்த்சைசர் எல்லாம் வைத்துக்கொண்டு, அதோடு சேர ஒரு பழைய ரிதம் பாக்ஸ் வாங்கலாமா, எது நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். மாடல் பெயரை நான் கடைசியில்தான் சொல்வேன். உங்களிடம் ஏற்கெனவே எந்தச் சத்தம் இருக்கிறது, எது இல்லை என்று முதலில் எழுதிப் பாருங்கள். மெஷினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வாருங்கள், நினைவு நிற்கிறதா என்று பார்க்க. அடாப்டர் ஏசியா டிசியா, எத்தனை வோல்ட் என்று அதன் அடிப்பக்கத்தில் படியுங்கள். மட்டமான ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். வாங்கப் போகும்போது தாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பணம் உங்களுடையதாக இருக்கட்டும். தட்டிப் பார்க்கும் கை அவருடையதாக இருக்கட்டும்.